பளபளக்கிற வண்டியா, பில் வைத்திருக்கிற வண்டியா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாமனாருக்கு முழங்கால் வலி, தாழ்வான காரில் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார். மாதத்தில் இரண்டு முறை மண் ரோட்டில் போக வேண்டியிருக்கிறது, மழை பெய்தால் எங்கள் சின்ன கார் அடி தட்டுகிறது. அதனால் பழைய எஸ்யூவி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். கடன் வாங்க விருப்பமில்லை, சேர்த்து வைத்த பணம் மட்டும்தான். இரண்டு வண்டி பார்த்தோம். ஒன்று 12 வருடம் ஆன ஐரோப்பிய சொகுசு எஸ்யூவி, டீசல், ஏர் சஸ்பென்ஷன், தோல் சீட், மீட்டரில் 84,000 கிலோமீட்டர். இன்னொன்று 15 வருடம் ஆன ஹோண்டா சிஆர்வி, 2.4 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்), 2,05,000 கிலோமீட்டர், ஒரே ஓனர். பின் கதவில் நசுங்கல் இருக்கிறது, பெயிண்ட் மங்கிவிட்டது, ஆனால் ஒரு ஃபைல் நிறைய சர்வீஸ் பில் வைத்திருக்கிறார். விலை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், எங்கள் பணம் முழுக்க அதற்கே சரியாகிவிடும். "கம்மியா ஓடின வண்டியை விட்டுட்டு யாராவது ரெண்டு லட்சம் ஓடினதை வாங்குவாங்களா" என்கிறான் என் தம்பி. எதை வாங்குவது?

பதில்: முதலில் தம்பியை உட்காரவைத்து ஒரு வகுத்தல் கணக்குப் போடச் சொல்லுங்கள். 84,000 கிலோமீட்டரை 12 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 7,000, நாளுக்கு வெறும் 19 கிலோமீட்டர். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வருகிற வழியில் கடைக்குப் போய், வீட்டுக்கு வந்து நின்றுவிட்ட வண்டி மாதிரி இருக்கிறது. டீசல் வண்டிக்கு இதைவிடக் கெட்ட பிழைப்பு கிடையாது. அந்த வயது ஐரோப்பிய டீசல்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும். புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி அந்தக் கரியைத் தானே எரித்துவிடுவது அதன் வேலை. அந்தச் சூடு வர, வண்டி ஒரே மூச்சில் கால் மணி, இருபது நிமிடமாவது ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும். அப்படி ஓடாத வண்டியில் கரி அடைத்துக்கொள்ளும், எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் எரியாமல் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கும், ஆயில் நீர்த்துப் போகும், கடைசியில் இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் பேரிங் தேய்வதில் வந்து நிற்கும்.

சிஆர்விக்கும் அதே கணக்கைப் போடுங்கள். 2,05,000-ஐ 15-ஆல் வகுத்தால் வருடத்துக்குப் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம், நாளுக்கு 37 கிலோமீட்டர். தினமும் நன்றாகச் சூடாகி, சூட்டில் ஓடி, நின்ற இன்ஜின். இருபத்தைந்து வருடமாக நான் இன்ஜின் பிரித்துக்கொண்டிருக்கிறேன், நேரத்துக்கு ஆயில் மாற்றி 2 லட்சம் ஓடிய பெட்ரோல் இன்ஜினின் உள்பக்கம், ஆயில் மாற்றாமல் 80,000 ஓடியதைவிடச் சுத்தமாக இருந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வால்வ் கவரைக் கழற்றினால் ஒன்று தேன் நிறத்தில் இருக்கும், இன்னொன்று தார் பூசினதுபோல் இருக்கும்.

இதெல்லாம் அந்த 84,000 உண்மை என்று வைத்துக்கொண்டால்தான். மீட்டரைத் திருப்புவது இன்று ஒரு லேப்டாப்போடு அரை மணி நேர வேலை. திருப்ப முடியாதது டிரைவர் உடம்பு பட்ட இடங்கள். ஸ்டியரிங்கில் கை வைக்கும் இடம் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, பிரேக் பெடல் ரப்பரில் கோடு இருக்கிறதா, டிரைவர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பு அமுங்கிச் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 84,000-ல் இவை புதுசு மாதிரி இருக்க வேண்டும். தோல் சீட்டைப் பாலிஷ் போட்டு வைத்திருப்பார்கள், அதற்கு ஏமாறாதீர்கள், விரலால் அழுத்தி உள்ளே ஸ்பாஞ்ச் எழும்புகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் முதல் வண்டி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு மீட்டரோ டிபிஎஃபோ முக்கியக் காரணம் இல்லை. சொகுசு வண்டிக்கு 12 வருடத்தில் விலை மட்டும்தான் இறங்குகிறது. அதன் உதிரிபாக விலை இறங்குவதில்லை, புதுசாக ஷோரூமில் நின்றபோது அந்த வண்டியின் தகுதிக்கு என்ன விலையோ அதே விலையில்தான் இன்றும் இருக்கிறது, சிலசமயம் கூடியும் இருக்கிறது. நீங்கள் சிஆர்வி விலைக்கு அந்த வண்டியை வாங்கலாம், சிஆர்வி செலவில் அதை வைத்திருக்க முடியாது. ஏர் சஸ்பென்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங்குக்குப் பதில் நான்கு ரப்பர் காற்றுப் பை, காற்றடிக்க ஒரு கம்ப்ரஸர், உயரம் பார்க்க சென்சார்கள். பத்து வருடத்துக்கு மேல் ரப்பரில் விரிசல் விழும், ஓடினாலும் விழும், நின்றாலும் விழும். ஒரு பை லேசாகக் கசிந்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும். காலையில் எழுந்து பார்த்தால் வண்டி ஒரு பக்கம் படுத்திருக்கும். அன்றைக்கு உங்கள் மாமனார் ஏற வேண்டிய நாளாகவும் இருக்கும்.

கையில் தாராளமாகப் பணமிருந்து, அந்த பிராண்டை நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கும் பக்கத்தில் இருந்தால் வேறு கதை, அவை ஓட்டுவதற்கு அருமையான வண்டிகள்தான். உங்கள் கடிதத்தில் உள்ள நிலைமைக்குப் பொருந்தாது. விட்டுவிடுங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது வண்டிகள்கூட இல்லை, "எங்கள் பணம் முழுக்க அதற்கே சரியாகிவிடும்" என்ற வரி. பழைய வண்டிக்கு என்று ஒதுக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, முடிந்தால் நாலில் ஒரு பங்கு, வண்டிக்குக் கொடுக்கவே கூடாது. அது முதல் ஆறு மாதச் செலவுக்கு. டயர், பேட்டரி, பிரேக், எல்லா ஆயிலும், ஏதாவது ஒரு எதிர்பாராத வேலை. இவை வந்தே தீரும், நல்ல வண்டி என்றால் மெதுவாக வரும், அவ்வளவுதான். முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு, இரண்டாவது மாதம் கூலண்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) கசிவைச் சரிசெய்யப் பணமில்லாமல் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டி, ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போனபிறகு இழுத்துக்கொண்டு வருபவர்களை வருடம் தவறாமல் பார்க்கிறேன். ஒரு ஹோஸ் பைப் மாற்ற வேண்டிய இடத்தில் இன்ஜின் இறக்க வேண்டிவரும். ஆகவே சிஆர்வி ஓனரிடம் விலை குறைத்துப் பேசுங்கள், குறைக்க மாட்டேன் என்றால் இதைவிடக் குறைந்த விலையில் இதே மாதிரி வேறு வண்டி தேடுங்கள்.

இப்போது சிஆர்வி. 15 வருடம் என்றால் மூன்றாம் தலைமுறை, 2006 கடைசியிலிருந்து 2011 வரை வந்தது. இதில் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் இல்லை, அதற்குப் பதில் செயின். இது பெரிய நிம்மதி. பெல்ட் இருக்கும் இன்ஜின்களில் மாடலைப் பொறுத்து ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும், பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்து வளைத்துவிடும். வேறு எந்த வண்டி பார்த்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: பெல்ட்டா செயினா, பெல்ட் என்றால் எப்போது மாற்றினீர்கள், பில் எங்கே. பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்று கணக்கு வைத்து விலையைக் குறையுங்கள். செயின் என்றாலும் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் அது நீளும், சத்தம் போடும், அதனால்தான் அந்த ஃபைலுக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன்.

ஃபைலை வாங்கி நிதானமாகப் பாருங்கள். பில் இருப்பது முக்கியமில்லை, பில்லில் கிலோமீட்டர் ஏறுவரிசையில் சீராக ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். ஆயில் மாற்றியது எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? கியர் ஆயில் எப்போதாவது மாற்றியிருக்கிறாரா? "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று நம்பி ஓட்டியவர்கள் நிறையப் பேர். அது கியர்பாக்ஸின் வாழ்நாளைத்தான் சொல்கிறது என்று எங்கள் பட்டறையில் ஒரு கிண்டல் உண்டு. பின் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஆயில் மாற்றிய பில்லும் இருந்தால் அந்த ஓனரைக் கையெடுத்துக் கும்பிடலாம், பெரும்பாலானவர்களுக்கு அங்கே ஆயில் இருப்பதே தெரியாது. இந்த ஆல் வீல் டிரைவ் சிஆர்விகளில் பழைய டிஃபரன்ஷியல் ஆயிலோடு மெதுவாக முழு வளைவு எடுத்தால் பின்னாலிருந்து மாடு முனகுவதுபோல் சத்தம் வரும். பல சமயம் ஆயிலை மாற்றி, ஹோண்டா அதற்கென்றே தரும் ஆயிலை ஊற்றினால் அடங்கிவிடும். வேறு ஏதாவது கியர் ஆயிலை ஊற்றினால் அடங்காது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பகலில் போங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, நானே ஏமாந்தவன். தொழிலுக்கு வந்து நாலைந்து வருடம் ஆன திமிரில் எனக்கென்று ஒரு எஸ்யூவி வாங்கினேன். சாயங்காலம், மழை தூறிக்கொண்டிருந்தது, நனைந்த பெயிண்ட் எல்லாமே புதுப் பெயிண்ட் மாதிரிதான் தெரியும். நான் போனபோது வண்டி ஸ்டார்ட்டில் தயாராக நின்றது, "உங்களுக்காகத்தான் கழுவி எடுத்துட்டு வந்தேன்" என்றார் விற்றவர், நானும் மரியாதைக்குரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். வாங்கின மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை தெருவை மறைத்தது. ராத்திரி முழுக்க வால்வ் சீல் வழியாக ஆயில் கசிந்து உள்ளே இறங்கியிருக்கிறது, சூடாக இருக்கும்போது அது தெரியாது. ஊருக்கெல்லாம் வண்டி பார்த்துச் சொல்கிற ஆள் நான்.

ஆகவே போனவுடன் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் "பரவாயில்லை, நாளை காலை வருகிறோம், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஆறியிருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள் (சூட்டில் ஒருபோதும் திறக்கக் கூடாது, முகம் வெந்துவிடும்). கூலண்ட் தெளிவாக நிறத்தோடு இருக்க வேண்டும். துரு நிறத் தண்ணீர் என்றால் வருடக்கணக்காகக் கவனிக்கவில்லை, பால் விட்ட காபி மாதிரி இருந்தால் ஆயில் கலந்திருக்கிறது, அங்கேயே நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலும் அதேபோல் கெட்டிப் பால் நிறம் இருக்கிறதா பாருங்கள், குளிரான இடத்தில் சின்னச் சின்ன தூரம் ஓடும் வண்டியில் லேசாக இருக்கலாம், அது ஆவி படிவது, கூலண்டும் சேர்ந்து குறைகிறது என்றால்தான் கவலை.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் உள்ளே, ஒருவர் புகைக்குழாய் பக்கம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து நின்றுவிட்டால் ஒன்றுமில்லை, இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் இன்ஜினுக்குள் போகிறது. அந்தக் காலத்து ஹோண்டா 2.4 இன்ஜின்கள் சிலவற்றில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு வினாடி "கறக்" என்று ஒரு சத்தம் கேட்கும், அது வால்வ் டைமிங்கை மாற்றும் ஆக்சுவேட்டர். ஓரிரு வினாடியில் நின்றால் பயப்பட வேண்டாம், விலை பேசப் பயன்படுத்துங்கள். சத்தம் நிற்காமல் தொடர்ந்தால் செயினைப் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தெருமுனை வரை போய்த் திரும்புவது ஓட்டிப் பார்ப்பது ஆகாது. கியர்பாக்ஸ் சூடானால்தான் அதன் குறை வெளியே வரும். கியர் மாறும்போது தூக்கிப் போடுகிறதா, ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி தாமதமாகப் போகிறதா, பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ் போட்டால் எத்தனை நேரம் கழித்துப் பிடிக்கிறது என்று கவனியுங்கள். ஏசியை முழுக்கப் போட்டு, வண்டியை நிறுத்தி ஐடிலில் பத்து நிமிடம் விடுங்கள், டெம்பரேச்சர் முள் நகரக் கூடாது. காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் அடியுங்கள், முன்னால் "டக் டக்" என்றால் ஆக்சில் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது, பின்னால் முனகினால் மேலே சொன்ன மாடு. ரேடியோ வேண்டாம். ஓனரோடு பேச்சும் வேண்டாம், சில ஓனர்கள் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் மிகவும் கலகலப்பாகப் பேசுவார்கள்.

டயரைப் பாருங்கள், ஆனால் பட்டனை (தரையில் படும் கட்டைகளை) மட்டும் பார்க்காதீர்கள். டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான தேதி. 2319 என்றிருந்தால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம். பத்து வருடம் ஆன டயர் எவ்வளவு பட்டன் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆல் வீல் டிரைவ் வண்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், நான்கு டயரும் ஒரே சைஸ், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் இரண்டு புதுசு, பின்னால் இரண்டு மொட்டை என்றால் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றி, பின் சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் பாகங்கள் ஓயாமல் உழைத்துத் தேயும். நான்கும் வேறு வேறு பிராண்டாக இருந்தால் அந்த ஓனரின் குணமும் தெரிந்துவிடும். வாங்கும் வண்டிக்கு நான்கு டயர் போட வேண்டும் என்றால் அது சின்னச் செலவு இல்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்து அதில் பதிவான குறைகளைப் படிக்கும் கருவி) ஒன்று கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள். அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001 முதலும் இந்த இணைப்பு கட்டாயம், அதனால் இந்த வயது வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே தேடினால் அநேகமாக இருக்கும். எரர் கோட் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, சமீபத்தில் யாராவது அழித்தார்களா என்று பாருங்கள். எரர் கோட்களை அழித்தால் கம்ப்யூட்டர் தன் சோதனைகளையெல்லாம் முதலிலிருந்து தொடங்கும், ஸ்கேனரில் "ரெடினஸ் மானிட்டர்" என்ற பக்கத்தில் பல "முடியவில்லை" என்று காட்டும். நேற்று பேட்டரி மாற்றினேன் என்பார்கள். இருக்கலாம். பத்து நாள் ஓட்டிவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் போய்ச் சேரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், நீர் நின்ற கோடு அதில் அழியாமல் இருக்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் மண், சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, ரொம்பத் தூக்கலான வாசனைத் திரவியம், இவற்றில் இரண்டு இருந்தால் கிளம்பிவிடலாம்.

இவ்வளவும் நீங்களே பார்த்து ஓரளவு திருப்தி என்றால், அதற்குப் பிறகு காசு கொடுத்து ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். ஓனருக்குத் தெரிந்த மெக்கானிக் வேண்டாம், உங்கள் தூரத்துச் சொந்தக்கார மெக்கானிக்கும் வேண்டாம், அவர் உங்கள் மனம் நோகக் கூடாது என்று "நல்லாத்தான் இருக்கு" என்பார். அடியில் துரு, ஆயில் கசிவு, வெல்டிங் தடயம், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் கீழிருந்துதான் தெரியும். லிஃப்டில் ஏற்ற ஓனர் மறுத்தால் அதுவே பதில்.

இந்த சிஆர்வி தேறாவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். டொயோட்டா ராவ்4 பாருங்கள், ஆனால் 2006-லிருந்து 2008 வரையான 2.4 லிட்டர் என்றால் ஆயில் குடிக்கிறதா என்று விசாரியுங்கள், அந்த இன்ஜினுக்கு அப்படியொரு பெயர் உண்டு. சுசூகி கிராண்ட் விட்டாரா மண் ரோட்டுக்கு உண்மையிலேயே கெட்டி, பெட்ரோல் மட்டும் கொஞ்சம் அதிகம் கேட்கும். சுபாரு ஃபாரஸ்டர் நல்ல வண்டி, 2010-க்கு முந்திய 2.5 லிட்டர் இன்ஜின் என்றால் ஹெட் கேஸ்கட் மாற்றிய பில் இருந்தால்தான் பேச்சு. டொயோட்டா 4ரன்னர், பிராடோ இரண்டும் நீண்ட நாள் உழைக்கும், 4.0 லிட்டர் வி6-ல் செயின்தான், ஆனால் அது எல்லாருக்கும் தெரியும் என்பதால் பழசானாலும் விலை இறங்காது, உங்கள் பணத்துக்குக் கிடைப்பது அடித்து நொறுக்கியதாகத்தான் இருக்கும். சேஸிஸ் ஃபிரேம் தனியாக உள்ள வண்டி என்பதால் அதில் துருவையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும், "ணங்" என்று கேட்க வேண்டும், "தொப்" என்று கேட்கக் கூடாது. நிசான் பாத்ஃபைண்டர் 2005 முதல் 2010 வரை ஆட்டோமேட்டிக் என்றால், ரேடியேட்டர் உள்ளுக்குள் விரிசல் விட்டுக் கூலண்ட் கியர்பாக்ஸில் கலந்துவிடும் சிக்கல் பரவலாகத் தெரிந்த ஒன்று. ரேடியேட்டர் மாற்றியிருந்தால் மட்டும் யோசியுங்கள். அந்தக் காலத்து சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் உள்ள எதையும் இவ்வளவு இறுக்கமான பணத்தில் நான் வாங்க மாட்டேன்.

உண்மையில் உங்களுக்கு ஆல் வீல் டிரைவே தேவையா என்றும் யோசியுங்கள். மாதம் இரண்டு முறை மண் ரோடு, அடி தட்டுகிறது என்கிறீர்கள், வண்டி சிக்கிக்கொள்கிறது என்று சொல்லவில்லை. அதற்கு வேண்டியது உயரமும் நல்ல டயரும். முன் சக்கர டிரைவ் மட்டும் உள்ள இதே மாதிரி எஸ்யூவி கிடைத்தால் விலை குறையும், எரிபொருள் குறையும், கெட்டுப்போக ஒரு டிஃபரன்ஷியலும் ஒரு நீளமான ஷாஃப்டும் குறையும்.

விலை பேசப் போகும்முன் ஒன்று செய்யுங்கள், மாமனாரை அழைத்துப் போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு எஸ்யூவி என்றாலே வசதி என்று நினைக்கிறோம், பிராடோ மாதிரி உயரமான வண்டியில் அவர் காலைத் தூக்கி ஏறுவதற்குள் சின்ன காரே தேவலை என்பார். சிஆர்வி சீட் உயரம் பெரும்பாலானவர்களுக்கு இடுப்பு மட்டத்தில் வரும், அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே வைத்துக்கொள்ளலாம். அவருக்குச் சரிப்படவில்லை என்றால் நான் மேலே எழுதியது அத்தனையும் வீண்.

பேரம் பேசும்போது குறை சொல்லாதீர்கள், வண்டியை நன்றாக வைத்திருக்கும் ஓனருக்கு அது பிடிக்காது. மெக்கானிக் எழுதிக் கொடுத்த வேலைகளையும் அதற்கான செலவையும் ஒரு தாளில் போட்டு அவர் முன் வையுங்கள், அந்தத் தொகையைப் பாதியாவது குறைக்கச் சொல்லுங்கள். ஆவணத்தில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, அதில் உள்ள சேஸிஸ் நம்பர் வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி எதுவும் இல்லையா என்று பார்த்த பிறகே பணம்.

வாங்கின முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், பில் இருந்தாலும் மாற்றுங்கள், அன்றிலிருந்து கணக்கு உங்களுடையது. கியர்பாக்ஸ் ஆயிலை மெஷின் வைத்து அழுத்தி ஒரேயடியாகக் கழுவ விடாதீர்கள். இறக்கி, ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி இறக்கி ஊற்றினால் போதும். வால்வ் கிளியரன்ஸும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள், இந்த இன்ஜினில் அது தானாகச் சரிசெய்துகொள்ளாது, 2 லட்சம் ஓடியும் யாரும் தொட்டிருக்க வாய்ப்பில்லை.

கடைசியாக, நீங்கள் சொன்ன பின் கதவு நசுங்கல். கதவு ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதா, ஸ்பேர் டயர் குழியில் துருவோ ஈரமோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றும் சரி என்றால் அதைத் தொடவே வேண்டாம், டிங்கரிங் செலவுக்கு இரண்டு டயர் வந்துவிடும்.